லைன் வீடுகளில் பகல் தூக்கம்

இங்கிலாந்தின் ஆலை நகரங்களைப் பற்றிக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். அந்நகரங்களின் தொழிலாளர் தெருக்களில், விடிவதற்கு முன் நீண்ட கழியால் மாடிச் சன்னல்களைத் தட்டி ஆட்களை எழுப்புவதற்கென்றே ஒருவர் இருந்தார் என்று சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். அத்தெருக்களை நினைத்து ஏங்கி எழுதப்பட்டவற்றையும் நிறையப் படித்திருக்கிறேன். ஒட்டி ஒட்டி நின்ற வீடுகள், கொல்லைப்புறக் கழிப்பறை, வாசற்படியைத் தேய்த்துக் கழுவும் பெண்கள், பூட்டாத கதவுகள். அந்த ஏக்கத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அங்கிருந்து வெளியேறியவர்களே அதை எழுதுகிறார்கள் என்று வகுப்பில் சொல்வேன். நானும் அப்படி ஒரு தெருவிலிருந்து வெளியேறியவன் என்பதைச் சொன்னதில்லை.

சென்ற மாதம் என் அண்ணன் இறந்துபோனார். இதை எழுதுவதற்கு அதுவே காரணம். ஏக்கம் என்று இதற்குப் பெயர் வைக்க முடியுமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு எனக்குள் எதுவும் பெரிதாக நிகழவில்லை. சாப்பிடுகிறேன், செய்தித்தாள் படிக்கிறேன். படித்தது நினைவில் நிற்பதில்லை.

திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே, இரும்பை உருக்கி வார்க்கும் ஓர் ஆலையின் மதிலை ஒட்டி இருந்தது எங்கள் லைன். வரிசைக்கு ஒரே கூரையாக, எதிரும் புதிருமாக இரு வரிசை ஓட்டு வீடுகள். நடுவில் இரண்டு பேர் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சந்து. எல்லா வீட்டு ஆண்களும் அதே ஆலையில் வேலை செய்தார்கள். எழுப்புவதற்கு எங்களுக்கு ஆள் தேவைப்படவில்லை. ஆலையின் சங்கு இருந்தது. எண்ணூர் வரைக்கும் கேட்கும் என்பார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது, தூங்க வைப்பதற்கான ஏற்பாடு.

இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் பகலில்தான் தூங்கியாக வேண்டும். ஓட்டு வீட்டில், சித்திரை வெயிலில், ஒரே அறையில். ஆகவே அவர் படுத்ததும் வீட்டுப் பெண் ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்து வாசலில் தொங்கவிடுவாள். வெளிச்சத்தை மறைக்கும், உள்ளே வரும் காற்றைக் கொஞ்சம் குளிர்விக்கும். அவ்வளவுதான் அதன் முதல் பயன். நாளடைவில் அது ஓர் உத்தரவாகிவிட்டது. ஈரக் கோணி தொங்கும் வாசலை யாரும் சத்தத்தோடு கடக்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, சங்கம் தீர்மானம் போடவில்லை. ஆனால் மீன்காரம்மா கோணியைக் கண்டதும் கூவலைப் பாதியில் விழுங்கிக்கொண்டு நடப்பார். நான்கு வீடு தாண்டியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். திருவிழாவுக்குச் சாமி வரும்போதுகூட அந்த வாசலருகே நாதஸ்வரம் வாயிலிருந்து இறங்கிவிடும்.

சண்டைகளும் அப்படித்தான். குழாயடியில் இரண்டு பெண்கள் ஒருவர் கூந்தலை ஒருவர் பற்றிக்கொண்டிருந்தபோது, மூன்றாமவள் கோணியைக் காட்டினாள். பிடியை விடாமலே ஒருத்தி கிசுகிசுத்தாள்: “இங்க வோணாம். வா, ரோட்டாண்ட போய் வெச்சிக்கலாம்.” இருவரும் அப்படியே, கூந்தலும் கையுமாக, ஓசையின்றி நடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வாசலில்தான் கோணி அதிகம் தொங்கியது. அண்ணன் உலைப் பிரிவில் இருந்தார். மற்றவர்கள் வாரம் மாற்றி வாரம் இரவு போனார்கள். அவர் நிரந்தரமாக இரவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “பகல்ல மேலயும் சூரியன், முன்னயும் சூரியன். நைட்டுல ஒண்ணுதான்,” என்பார். எங்கள் தகப்பனார் போனபின் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு ஆலைக்குள் போனவர் அவர். அவர் தூங்கிய அறையின் மூலையில் உட்கார்ந்து நான் படித்தேன். ஒரு லைன் முழுக்க அவருக்காகக் காத்த அமைதி எனக்கும் கிடைத்தது. என் பட்டங்களுக்கு அதுவும் ஒரு காரணம். இதை உணர்ச்சியோடு சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

அந்த அமைதியைக் காத்தவர் அண்ணி. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிள்ளைகளைத் திட்டுவதும் கிசுகிசுப்பில்தான். பாத்திரங்களைத் துணியில் வைத்துத் துலக்குவார். குக்கர் வாங்கித் தந்தபோது, விசில் அடிக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆலை மூடப்பட்ட பின்பும் அண்ணனின் உடம்பு பழக்கத்தை விடவில்லை. இரவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், விடிந்தபின் படுப்பார். அண்ணியும் கோணியை நனைத்துக்கொண்டே இருந்தார். லைனில் பாதி வீடுகள் கைமாறி, துறைமுகத்துக் கன்டெய்னர் கிடங்குகளில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்கள் குடிவந்தார்கள். சந்துக்குள் வரும்போது பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு வர அவர்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் இறந்தது பகலில், தூக்கத்தில். எப்போது என்று தெரியாது. சாயங்காலம் டீயோடு எழுப்பப் போனபோதுதான் அண்ணிக்குத் தெரிந்தது. நான் அடையாற்றிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

“மத்தியானம் பசங்க பந்து ஆடிக்கினு இருந்துச்சிங்க தம்பி,” என்றார். “ஸ்ஸுன்னு அதட்டி தொரத்திவுட்டேன். செத்துப்போனவருக்கு காவல் காத்துக்கினு இருந்துகீறேன்.”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

மறுநாள் காலை எடுப்பதாக முடிவாயிற்று. சந்துக்குள் வண்டி வராது. பெரிய தெருவில் நிறுத்திவிட்டு அதுவரை தோளில் கொண்டுபோக வேண்டும். மேளம் வேண்டாம், அண்ணனுக்குச் சத்தம் ஆகாது என்று நான் சொன்னேன். அது நியாயமான ஏற்பாடாகவே எனக்குத் தோன்றியது. அண்ணி என்னைப் பார்த்தார்.

“அவருக்கா ஆகாது? அவரு எங்க கல்யாணத்துல நாலு செட்டு மோளம் வெச்சி ஆடின ஆளு. தூக்கத்துக்குத்தான் நான் எல்லார் வாயையும் மூடினேன். என் வாயையும் மூடிக்கினேன். இனிமே யாரு எந்திரிக்கணும்? வாசல்லேர்ந்து வண்டி வரைக்கும், ஒரு வூடு வுடாம அடிக்கணும். இது ஒண்ணுதான் நான் கேக்கறது.”

வாழ்க்கையில் அவர் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. காசிமேட்டிலிருந்து மேளக்காரர்களை வரவழைத்தோம்.

பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்கு முன்னால் அண்ணனோடு அதே உலையில் நின்ற நண்பர், என்னைவிட மூத்தவர். வயதைச் சொல்லித் தடுத்தும் கேட்கவில்லை. மேளம் தொடங்கியது. ஓடுகள் அதிர்ந்தன. அந்தச் சந்தில் அவ்வளவு சத்தத்தை நான் ஒருபோதும் கேட்டதில்லை. அண்ணி பின்னால் மற்றப் பெண்களோடு வந்தார். சில வீடுகள்தான் கடந்திருப்போம். நண்பர் சட்டென்று கையை உயர்த்தினார்.

முன்னால் ஒரு வாசலில் ஈரக் கோணி தொங்கிக்கொண்டிருந்தது.

மேளம் தடுமாறி நின்றது. “இன்னா தாத்தா, இப்பதான சூடு ஏறிச்சி?” என்றான் மேளக்காரர்களில் தலைவன்போல் இருந்தவன்.

“மெதுவாடா. உள்ள ஆளு தூங்கினுகீறான்.”

“இது சாவு தாத்தா!”

“தெரியும்டா நைனா. இவன் எந்திரிக்க மாட்டான். அவன் எந்திரிச்சிடுவான்.”

யாரும் சிரிக்கவில்லை. லைனின் பழைய ஆட்கள் எல்லாரும் தாமாகவே நடையை மாற்றிக்கொண்டார்கள். செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்ட பெண்களையும் கண்டேன். நானும் கால் விரல்களை ஊன்றி நடந்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. திரும்பி அண்ணியைப் பார்க்க முடியவில்லை. தோளில் பாரம் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அது நடுச் சந்தில் எங்கள் கையாலேயே கெட்டுக்கொண்டிருந்தது. தடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவருக்கும்.

கோணியைத் தாண்டி, வழக்கப்படி மேலும் சில வீடுகளைத் தாண்டினோம். அதற்குள் லைன் முடிந்துவிட்டது. சந்து முனையில், கையில் பால் பாக்கெட்டோடு ஒரு வடநாட்டு இளைஞன் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றான். நண்பர் அவனிடம் கேட்டார்: “உன் வூடுதான அது? தூங்கறது யாரு?”

“யாரும் இல்ல, தாத்தாஜி. எல்லாரும் டூட்டி. ரூம் பூட்டு.”

“கோணி தொங்குதே?”

“அரிசி கோணி. கழுவி காயப் போட்டது. கால் துடைக்க.”

 பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூக்கொலி வந்தது. சிரிப்பை அடக்கியதால் வந்தது. நண்பர் இன்னொரு கையால் தலையில் அடித்துக்கொண்டார். “மிதியடிக்கு மரியாதை பண்ணிட்டோமே மாமு,” என்று பாடையைப் பார்த்துச் சொன்னார். இளைஞன் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து, எல்லாரையும் நோக்கிக் கை கூப்பினான்.

“போனது போச்சி,” என்றார் ஒருவர். “எடுத்துட்டா பாடை திரும்பக் கூடாது. ரோட்டுல நல்லா அடிக்கச் சொல்லு.”

அண்ணி முன்னால் வந்தார்.

“பாடை திரும்ப வோணாம். நிக்கட்டும்,” என்றார். “மோளம் போவட்டும்.”

மேளக்காரர்களுக்குப் புரியவில்லை. நண்பர்தான் விளக்கினார்: விட்ட இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அங்கிருந்து வண்டி வரைக்கும் அடித்துக்கொண்டு வர வேண்டும். தலைவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். தன் ஆட்களைத் திருப்பினான். ஆளில்லாத சந்துக்குள் அவர்கள் நடந்துபோனார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால், அந்தக் கோணியின் முன்னால் நின்று, அடிக்கத் தொடங்கினார்கள்.

நாங்கள் பாடையோடு முனையில் நின்றோம். பெரிய தெருவில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தோள்பட்டையில் மூங்கில் அழுந்திய இடம் மரத்துப் போயிருந்தது. அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. நண்பர் தலையைப் பின்னால் சாய்த்து, “கேக்குதா?” என்றார். என்னிடம் கேட்கவில்லை.

மேளம் நெருங்கியது. அப்போது அண்ணி கத்தினார். யார் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. கரகரப்பான, பழக்கமில்லாத குரல், ஒரு சொல்லின் நடுவில் உடைந்து மறுபடியும் எழுந்தது.

“வேகமா வராதீங்கடா! ஒவ்வொரு வூட்டாண்டயும் நின்னு அடிங்க! நின்னு அடிங்க!”

அவர்கள் நின்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று அடித்தார்கள். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்து, சுடுகாட்டில் நேரம் சொல்லியிருக்கிறார்கள், தாமதமாகிறது என்று என் காதருகே சொன்னார். மேளம் வேண்டாம் என்றிருந்தவன் நான்.

“இன்னும் சில வீடுகள் இருக்கின்றன,” என்றேன். “பொறுங்கள்.”