ஆர்லிஸ் ரிவர்ஸ் எடுத்த சனிக்கிழமை

முப்பத்தொரு வருடம் பள்ளிச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் ஆர்லிஸ் பிரெக்கி. அவள் ஓய்வு பெற்ற வசந்தத்தில் கணவன் வெர்லினுக்குக் கண்பார்வை மங்கி, ஓட்டுநர் உரிமம் போயிற்று. அவனுக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒன்றுதான்: கோடை முழுக்க மினசோட்டாவின் வடக்கே பைன் காட்டு ஏரியில் படகில் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும். இனி வண்டி ஓட்ட வேண்டியவள் ஆர்லிஸ். எந்த வண்டி என்பதில்தான் வழக்கு.

ஆர்லிஸ் கேட்டது பிக்கப்பின் பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர் வீடு. வெர்லினின் தம்பி டுவேனோ, வீடும் வண்டியும் ஒன்றேயான தன் பழைய மோட்டார் ஹோமை அவர்கள் தலையில் கட்டப் பார்த்தான்.

"ஏறி உக்காந்தா போதும் ஆர்லிஸ். நேரா போ, நேரா நிறுத்து. ட்ரெய்லர் உனக்கு ஆகாது. இடது ஒடிச்சா வலது போகும். அதை ரிவர்ஸ் எடுக்கப் போய் எத்தனை குடும்பம் பிரிஞ்சிருக்கு தெரியுமா?"

"உன் வண்டி முப்பத்துநாலு அடி. ஏரிக்கரை முகாம்ல வண்டி நிறுத்தற இடமெல்லாம் இருபத்தஞ்சு அடிதான், டுவேன்."

"ரோட்டோரம் நிறுத்திட்டு நடந்து போங்க!"

"படகைத் தலையில வச்சுக்கிட்டா?"

வெர்லின் நடுவில் புகுந்தான். "சனிக்கிழமை நம்ம சர்ச் பாஸ்டரோட ட்ரெய்லரை இரவல் வாங்குவோம். யார் உதவியும் இல்லாம நீ அதை ரிவர்ஸ்ல முகாம் இடத்துக்குள்ள வச்சுட்டா, ட்ரெய்லர் வாங்கறோம். இல்லேன்னா டுவேன் வண்டி."

பாஸ்டர் ட்ரெய்லரை இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டார். வார நாட்களில் காலியாகக் கிடக்கும் சர்ச் மைதானத்தில், பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் வாளிகளை வரிசையாக வைத்து ஆர்லிஸ் ரிவர்ஸ் பழகினாள். பதினொரு வாளிகள் நசுங்கின. பன்னிரண்டாவதில் சூட்சுமம் பிடிபட்டது: ஸ்டீயரிங்கின் அடியில் கையை வை, கை போகும் பக்கம் ட்ரெய்லரின் வால் போகும். தப்பினால் முன்னால் எடுத்து மறுபடி வா.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. ஏரிக்கரை முகாமில் எல்லோரும் மடக்கு நாற்காலிகளைப் பாதை பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதுதான் அங்கே தினசரிக் கூத்து. முன்வரிசையில் டுவேன், ஐஸ் பெட்டியோடு.

அவர்களுக்குக் கிடைத்த பதினாறாம் இடம் பாதையின் வலப்பக்கம் இருந்தது. அந்த ஊர் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்குத் தெரியாத பக்கம். வாயிலில் ஒரு பைன் அடிக்கட்டை. எல்லாக் கணவர்களையும்போல வெர்லின் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசினான்.

ஆர்லிஸ் இறங்கினாள். "கை காத்தாடி மாதிரி சுத்துது. உனக்கு என்னத்த தெரியுது அங்க? கண்ணாடியில எனக்குத் தெரியற மாதிரி சும்மா நில்லு."

முதல் தடவை வால் கட்டையை நோக்கிப் போயிற்று. "இடது! இடது!" என்றது ஒரு நாற்காலி. "வலது!" என்றது இன்னொன்று.

"என் வண்டியில காபி போட்டு வைக்கட்டுமா?" என்றான் டுவேன். சிரிப்பு பரவியது.

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் எடுத்தாள். கை ஸ்டீயரிங்கின் அடிக்கு இறங்கியது. வலமாக நாலு விரல், வால் திரும்பியது. இடமாக மெல்ல, பிக்கப் வளைந்து பின்தொடர்ந்தது. கட்டை ஒரு சாண் தள்ளி நழுவிப் போயிற்று. ட்ரெய்லர் மின்கம்பத்தின் பக்கத்தில் நேராக நின்றது.

நாற்காலிகள் கைதட்டின. டுவேன் எழுந்து வந்து, கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே காலை வைத்து அளந்து பார்த்தான்.

"மோசமில்ல" என்றான்.

மினசோட்டாவில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வெர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

ஆர்லிஸ் அதற்குள் ட்ரெய்லரிலிருந்து பிக்கப்பைக் கழற்றி, அதன் மேல் கட்டியிருந்த படகின் கயிறுகளையும் அவிழ்த்திருந்தாள். "எழுந்தது எழுந்துட்ட டுவேன், படகோட மூக்கைப் பிடி. உங்க அண்ணன் கோடை பூரா மீன் பிடிக்கணும். இன்னிக்கே ஆரம்பிக்கட்டும்."

டுவேன் பிடித்தான்.