பழசாக்கிய பானை

புதுப் பானையை வாங்கிப் பழசாக்குவதும் ஒரு வேலை என்று என் மகள் சொல்லித்தான் தெரியும்.

செங் வட்டாரத்தில் இருக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவள், காலில் கம்பி வைத்து, புக்கிட் காத்தில் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அடைந்து கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோல் இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் அதை விடவில்லை. "வலிக்குதுப்பா" என்பாள். வலி இல்லை, பயம். எனக்குத் தெரியாதா? அவள் எழுந்தால் நானும் எழுந்து, விழப் போகிறவளைப் பிடிக்கும் பாவனையில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

"ப்பா, நீங்க இப்படி வந்தா நடக்கிறவனும் விழுவான் லா" என்பாள்.

பார்க்க வந்தவர்கள் கொடுத்த மைலோ டின்கள் அலமாரியில் நிறைந்த சமயத்தில், கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த புதுப் பானையைக் கேட்டாள். ஈராயிரம் வருஷம் மண்ணுக்கடியில் கிடந்தது போல அதை மாற்றப் போகிறாளாம். மணல்தாளால் பளபளப்பைத் தேய்த்தாள். சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிப் பாதி துடைத்தாள். உப்பு பூக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். கடைசியில் அப்புவதற்குச் செம்மண் வேண்டும் என்றாள், அதுவும் நல்ல தோட்டத்து மண்ணாக.

நான் பிறந்த செலண்டார் ரப்பர் தோட்டத்து மண்ணைக் காலிலிருந்து கழுவத்தான் என் பெற்றோர் என்னைப் படிக்க வைத்தார்கள். அதே மண்ணைச் சாக்கில் கட்டி, காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் பசாரில் காய்கறி வாங்கித் திரும்பி கேட்டைத் திறந்தபோது, அவள் முன்வாசலில் எனக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். இடது தோளில் பானை. பானையில் மூன்று ஓட்டைகள். ஓட்டைகளிலிருந்து தண்ணீர் ஒழுகி முதுகை நனைத்தது.

என் தந்தை இறந்தபோது நான் அப்படித்தான் கொள்ளிக்குடம் சுமந்தேன். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள். மூன்றாம் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். எனக்கு ஒரே மகள். "ஒனக்கு யாருடா கொடம் தூக்குவா?" என்று கேட்ட உறவினர்களிடம், "லோரி வச்சுத் தூக்கிக்கலாம்" என்று சொன்னவன் நான். அவள் விழுந்த நாளிலிருந்து, இந்தக் குடத்தை அவளுக்காக நான் தூக்க வேண்டி வருமோ என்ற நினைப்பு மட்டும் தூக்கத்திலும் விடவில்லை.

படித்த மனிதன் செய்யக்கூடியதைச் செய்தேன். கத்தினேன்.

"கீழ போடு!"

இறக்கி வை என்றுதான் அர்த்தம். அவள் பயந்துபோய், சொன்னதை அப்படியே செய்தாள். பானை அவள் குதிகாலுக்குப் பின்னால் விழுந்து உடைந்தது.

திரும்பிப் பார்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரும்பிவிட்டாள்.

"என்னப்பா? பாம்பா?"

"ஓட்டை எதுக்கு?"

"உள்ள லைட் வைக்கத்தான். ஓட்டை போட்டுட்டு மறுபடி உப்புத் தண்ணியில முக்கினேன், உள்ள நின்னத முன்பக்கச் சாக்கடையில கொட்டலாம்னு தூக்கிட்டுப் போனேன். நீங்கதானே போடச் சொன்னீங்க!"

"அங்க என்னங்க ஒடஞ்சது?" என்று உள்ளிருந்து என் மனைவி கேட்டாள். ஊன்றுகோல் வீட்டின் அந்தக் கோடியில், பைப்படியில் சாய்ந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். நான் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

அவள் ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பத்தாம்ப்பா ஒரிஜினல் மாதிரி இருக்கு. ஒட்டிக்கலாம் லா. ஒண்ணு விடாம பொறுக்குங்க."

பொறுக்கினேன். அவள் முன்னால் நடந்து உள்ளே போனாள். என் இரண்டு கையிலும் சில்லுகள் இருந்ததால், கையை நீட்டிக்கொண்டு பின்னால் போக முடியவில்லை.