தோல் வரைக்கும் அனுமதி

என் அண்ணிக்குப் பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். எங்கள் வீட்டில் இது தலைகீழ். நாங்கள் தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டுவிட்டு, சாப்பிட உட்காரும்போது சமாதானமாகிவிடுவோம். அண்ணி சண்டையே போடமாட்டார். நினைத்ததைச் செய்து முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பார். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வந்த புதிதில், வாயில்லாப் பூச்சி என்று நானே அம்மாவிடம் சொன்னேன். நல்லவேளை, யாரும் அதைப் போட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணி மருத்துவச்சி. படித்து, பரீட்சை எழுதி, அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்டவர். டயர் கடைக்கும் மூடிக்கிடக்கும் சினிமாக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சின்னப் பிரசவ விடுதி இருக்கிறது. வலி வந்தவர்களுக்கு ஓர் அறை, பெற்றவர்களுக்கு ஓர் அறை, பெஞ்சு போட்ட ஒரு வராந்தா. வாரத்துக்கு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அண்ணியும் ஓர் ஆயாவும்தான். அங்கே வேன் ஓட்டுவது நான். அதனால் அண்ணி என்னை ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார். என் புருஷனும் இப்போது அப்படியே கூப்பிடுகிறார். வீட்டு வண்டி யார் கையில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

சட்டத்தைச் சொல்லாமல் அண்ணியைப் பற்றிச் சொல்ல முடியாது. சிக்கலில்லாத பிரசவத்தை மருத்துவச்சி பார்க்கலாம். பிள்ளையைக் கையில் ஏந்தலாம், கொடியை வெட்டலாம். தாய்க்குக் கிழிந்திருந்தால் மேல்தோலை மட்டும் தைக்கலாம். தோலுக்கு அடியில் சதை கிழிந்திருந்தால் ஊசியைத் தொடக்கூடாது. துணியை வைத்து அழுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். முதல் பிரசவத்தில் சதை கிழிவது ஒன்றும் அதிசயமில்லை, நிறையப் பேருக்கு நடக்கும். அவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற வேலை என்னுடையது.

நடுவில் ரயில்வே கேட். மூடியிருந்தால் வண்டியை அணைத்துவிட்டு உட்காரவேண்டியதுதான். கண்ணாடியில் பார்த்தால், பிள்ளை பெற்ற ஈரம் காயாத பெண் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருப்பாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி போனால் ராத்திரியும் பகலுமாய் நிற்கிற ஒரே ட்யூட்டி டாக்டர் ஆபரேஷனில் இருப்பார். உயிர் போகிற கேஸ்தான் முதலில். கிழிசல் காத்திருக்கலாம். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் பெஞ்சில் படுத்துக் காத்திருக்கிறவள் மேல் மட்டும் என்ன தப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருத்தி பேக்கரிக்காரி. கல்லாவில் உட்கார்ந்து அந்தத் தெருவையே சிரிக்கவைத்தவள். காலையில் பெற்றாள், விளக்கு வைத்த பிறகுதான் தையல் போட்டார்கள். வீங்கிப்போன சதையில் போட்ட தையல் சீழ் பிடித்துப் பிரிந்தது. இப்போது இருமினால் சிறுநீர் கசிகிறது. கல்லாவில் அவள் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். அவள் பின்கட்டில், யாரும் பக்கத்தில் வராத இடமாகப் பார்த்து மாவு பிசைகிறாள். ஒருநாள் அண்ணியிடம் வந்து, "உங்களுக்குத் தைக்கத் தெரியாதா அக்கா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரம் டாக்டரம்மா வந்ததும் அண்ணி, "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று போய் நின்றார். என் வேனின் பழைய சீட்டிலிருந்து பஞ்சு எடுத்தார். டயர் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கினார். பஞ்சு சதை, டியூப் தோல். மத்தியான வேளையில் வராந்தாவில் உட்கார்ந்து அடுக்கடுக்காகத் தைப்பார், பிரிப்பார், மறுபடி தைப்பார். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இப்படியே போனா என் பஞ்சரெல்லாம் நீங்களே ஒட்டிடுவீங்க, நான் கடையை மூடவேண்டியதுதான்" என்றார். டாக்டரம்மா மாதக்கணக்கில் பார்த்துத் திருத்திக்கொடுத்தார். கடைசியில், "தையல் நல்லா இருக்கு. ஆனா மனுஷங்ககிட்ட வெச்சிடாதே. நீயும் மாட்டுவே, நானும் மாட்டுவேன்" என்றார். அண்ணி தலையாட்டினார். எங்கள் அண்ணியின் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது, பாவம்.

எனக்குத் தலைப்பிள்ளை. லீவு அடுத்த வாரம்தான் தொடங்குவதாக இருந்தது, மாற்று டிரைவரும் அப்போதுதான் வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஒருநாள் காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கால் நனைந்தது. பைப் தண்ணீரா என் தண்ணீரா என்று புரியாமல் கொஞ்ச நேரம் பைப்பை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயாதான், "அடியே, உள்ள வாடி!" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

மத்தியானம் பெண் பிறந்தாள். நான் போட்ட கூச்சலில் டயர் கடையில் வேலை நின்றுபோனதாகப் பிறகு சொன்னார்கள். பிள்ளையை மார்பில் போட்டுவிட்டு அண்ணி கீழே விளக்கைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துணியை வைத்து அழுத்திக்கொண்டு என் முகத்துப் பக்கம் வந்தார்.

"ஸ்டியரிங்கு, உள்ள சதை கிழிஞ்சிருக்கு. ரத்தம் நிக்கல."

"அப்ப வண்டிய எடு..." என்று சொல்லிவிட்டுத்தான், எடுக்கவேண்டியவள் நான் என்று உறைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆயா கதவுக்கு வெளியே யாரிடமோ பேசினாள். அண்ணியும் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்து கையுறையை மாற்றினார். "எனக்குத் தைக்கத் தெரியும். அனுமதி கிடையாது. தைக்கட்டுமா?"

"ஐயோ அண்ணி, தைங்க!"

முதலில் பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்தார். மலத்தை அடக்குகிற தசை முழுசாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். "அது போயிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். உன்னைத் தூக்கிக்கிட்டாவது ஓடியிருப்பேன்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு உள்ளே ஓர் அடுக்கு, சதைக்கு ஓர் அடுக்கு, மேலே தோலுக்கு ஓர் அடுக்கு. அத்தனை நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பயத்தில் உளறிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னாலே குடையோடு தூங்குகிற ஆள். விஷயத்தைக் கேட்டதும் வெலவெலத்துப்போனார். நாங்கள் கூடிப் பேசினோம். தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். தோல்தான் கிழிந்தது, தோலைத்தான் தைத்தோம் என்று சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது.

"நாளைக்கு ஹெல்த் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார் அண்ணி.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அண்ணன். "பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் நீ பிரசவம் பாத்தாலே போலீஸ் கேசு. இத்தனை வருஷம் படிச்சது, உழைச்சது எல்லாம் போச்சு!"

நானும் படுத்தபடியே கத்தினேன். "என் உடம்பு, என் தையல். நான் வாயைத் திறக்கமாட்டேன். நீங்க ஏன் அண்ணி வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்க?"

அண்ணி பிள்ளையின் துணியை மாற்றிக்கொண்டே சொன்னார்: "மறைச்சா இது திருட்டுத் தையல். உனக்கு மட்டும் நடக்கும். அடுத்து வரவ மறுபடி கேட்ல போய்ப் படுத்துக் கிடப்பா. நான் எத்தனை பேரைத் திருட்டுத்தனமா தைக்கறது?"

சொன்னபடியே போய்ச் சொன்னார். அன்றிலிருந்து விசாரணை முடிகிறவரை அவர் பிரசவ அறைக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு வந்தது. விடுதிக்கு வேறொரு மருத்துவச்சியைப் போட்டார்கள். அண்ணன் தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் பார்த்து ஒரு யோசனையோடு வந்தார். டிரைவரே பிரசவத்தில் படுத்திருந்தாள், வண்டி ஓட்ட ஆளில்லை, வேறு வழியில்லாமல் தைத்தேன் என்று அண்ணி சொல்லவேண்டும். ஆபத்துக் காலத்தில் செய்தது என்று எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையும்கூட என்றுதான் நினைத்தேன்.

விசாரணை ஹெல்த் ஆபீஸ் மாடியில், கண்ணாடி போட்ட நீள மேஜையும் சத்தம் போடுகிற ஃபேனும் இருக்கிற அறையில் நடந்தது. அதிகாரி தலை நரைத்தவர், குரலை உயர்த்தாதவர். அவருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி சார்பில் டாக்டரம்மா. அவர்தான் என்னைப் பரிசோதித்திருந்தார். சதை சேர்ந்துவிட்டது, புண் ஆறிவிட்டது, எந்தக் கசிவும் இல்லை என்று சொன்னார். முன்பின் தெரியாத ஆண்கள் முன்னால் என் உடம்பைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கூசியது. ஆனாலும் தலையை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். "இந்த விதி எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமாம்மா? ஒரு மருத்துவச்சி மேல்தோலை மட்டும் தச்சு அனுப்பிட்டாங்க. அழகான தையல். உள்ள சதை திறந்தே கிடந்துச்சு. அந்தப் பொண்ணு செத்துப் பொழச்சா. நான்தான் அந்தக் கேசையும் விசாரிச்சேன்."

"தெரியும் சார். அவங்களுக்கு உள்ள பாக்க யாரும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்திருக்கணும். ஊசியைப் புடுங்கியிருக்கக் கூடாது."

அதிகாரியே இறங்கி வந்தார். "சரி. அன்னிக்கு வண்டி ஓட்ட ஆளே இல்ல. அதனால வேற வழியில்லாம தச்சீங்க. அப்படித்தானே?"

தலையை ஆட்டினால் போதும். வாசல் பக்கம் நின்ற அண்ணன் அண்ணி சார்பில் ஆட்டியே விட்டார்.

"இல்லீங்க சார், ஆள் இருந்தாங்க" என்றார் அண்ணி. "டயர் கடைக்காரர் லைசென்ஸ் வெச்சிருக்கார். வண்டி எடுக்கட்டுமான்னு கதவுகிட்ட வந்து கேட்டார். நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேற வழியில்லாம தச்சேன்னு எழுதிக்காதீங்க சார். வழி இருந்துச்சு. அந்த வழியில போனவங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் தச்சேன்."

"இனிமே இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன செய்வீங்க?"

"தைப்பேன் சார்."

அப்போது டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "அவளுக்குத் தைக்கச் சொல்லிக் குடுத்தது நான். அதையும் சேத்து எழுதிக்கங்க" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. அண்ணியும் அதுவரை அவர் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு எச்சரிக்கை. அண்ணிக்கு ஒரு வருடம் தடை. மருத்துவச்சிகளுக்குத் தையல் பயிற்சி கொடுத்து அனுமதிப்பதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாக அதிகாரி சொன்னார். எழுதினாராம். பரிசீலனையில் இருக்கிறதாம். பரிசீலனை என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் கேட்டேன். "டயர் கடைக்காரர் வந்ததை என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"அப்பவும் தைங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தொட்டு, "மன்னிச்சிடு" என்றார். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. எனக்கு ரோடு மங்கிவிட்டது.

அண்ணி வீட்டில் முடங்கிக் கிடப்பார் என்று அண்ணன் பயந்தார். நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, சதை கிழிந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, வேனின் பின்கதவைத் திறந்து அண்ணி ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம், "ஸ்டியரிங்கு, மெதுவா" என்று ஒரு குரல். ஆஸ்பத்திரியில் அவளைப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, ட்யூட்டி டாக்டர் அறை வாசலில் போய் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. டாக்டர் வெளியே போனார், உள்ளே வந்தார். அண்ணி நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் டாக்டர் அலுத்துப்போய், "உங்களுக்குத்தான் தடை போட்டிருக்காங்களே, இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"பிரசவம் பாக்கத்தான் சார் தடை. நிக்கறதுக்கு யாரும் போடலையே."

அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டுக் கையுறை கேட்டார். உள்ளே தையல் முடிகிறவரை அண்ணி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முடிந்து வெளியே வந்தபோது, பெஞ்சில் வேறு எங்கிருந்தோ வந்த இன்னொரு பெண் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். கிளம்பலாம் என்று நான் சாவியை எடுத்தேன். அண்ணி அவளிடம் போய் எப்போது பிள்ளை பிறந்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் வாசலில் போய் நின்றார்.