வத்தல் கடையின் கடைசிப் பொட்டலம்

என் மனைவி ஐப்பசி அடைமழையில் இறந்தாள். அவள் போட்டு வைத்த வத்தலும் வடகமும் தகர டின்களில் இருந்தன. அவற்றை விற்பதற்கென்று நாங்கள் கட்டிய இணையக் கடையும் திறந்தே இருந்தது. மூடுவதா, விடுவதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. மூடினால், அவள் போய்விட்டாள் என்பதை நானே எழுதி ஒட்டியது போல் ஆகிவிடும் என்று தோன்றியது.

கடையைக் கட்டத் தொடங்கியது அதற்கு முந்தைய தை மாதக் கடைசியில். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை; அங்கே வலைப்பக்க வேலை கொஞ்சம் பழகியிருந்தேன். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே ஒரு பெட்டியை எழுதினேன். மேலே படம், கீழே பெயர், எடை, விலை, ஒரு பொத்தான். சுண்டவத்தலோ கூழ்வடகமோ, விவரத்தை மட்டும் கொடுத்தால் போதும், அதே பெட்டி அதற்கேற்ப நிரம்பிக்கொள்ளும். பெட்டியில் ஒரு சொல்லைத் திருத்தினால் கடை முழுக்கத் திருந்திவிடும். இதற்குக் காம்பொனென்ட் என்று பெயர் என்று விளக்கினேன்.

"கொழுக்கட்ட அச்சுன்னு சொல்லுங்க அத்தான். பூரணந்தான வேற," என்றாள்.

சரக்கு தீர்ந்தால் பொத்தான் மறைந்து 'இருப்பு இல்லை' என்று வரும்படி செய்திருந்தேன். அதைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

"வாசல்ல வந்து நிக்குதவங்கள்ட்ட இல்லன்னா சொல்லுவீங்க? அரிசி தீந்தாக்கூட நெறைஞ்சிருக்குன்னுதான நம்ம வீட்ல சொல்லுதோம்."

"இல்லாதத வேற என்னன்னு போட?"

"வரும்னு போடுங்க. மாசி வெயில் வராமலா போயிரும்?"

அப்படியே மாற்றினேன்.

அவள் போன பிறகும் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. டின்னைத் திறந்து, எடை போட்டு, கட்டி, கூரியருக்குக் கொண்டுபோனேன். அலுவலக நண்பர் ஒருவர், "செத்த வீட்டுல யாவாரமாவே?" என்று கேட்டார். அவள் கையால் போட்டதைக் கேட்கிறவர்கள் இருக்கும்போது எப்படி அனுப்பாமல் இருப்பது?

டின்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முதலில் மோர்மிளகாய், பிறகு மணத்தக்காளி, கடைசியாக உப்பு நாரத்தங்காய். கடைப்பக்கத்தில் நான் எதையும் தொடவில்லை. பெட்டிகள் தாமாகவே மாறின. மார்கழி பிறந்தபோது கடையைத் திறந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை 'வரும்', 'வரும்' என்றே இருந்தது. அதைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

மாசியில் சாத்தான்குளத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். ஓய்வு பெற்ற டீச்சர். முதல் மாதத்திலிருந்தே எங்களிடம் வாங்குகிறவர்.

"அண்ணாச்சி, இங்கன வெயில் கொளுத்துது. நாரத்தங்கா எப்ப வரும்? ஒங்களுக்கு வெவரம் தெரியாது, மதினிட்ட குடுங்க."

காதில் போனோடு மாடிப்படியைப் பார்த்தேன்.

"மாடியில வத்தல் காய வைக்காங்களா? பைய வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

அவள் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் கேட்காமலே தேதியையும் சொன்னேன்.

"அப்ப கார்த்திகையில எனக்கு வந்தது?" என்றார்.

"அவ போட்டதுதான். நான் கட்டி அனுப்புனேன்."

"அதுல பாதி இருக்கு, அண்ணாச்சி. தீந்துரக்கூடாதுன்னு கிள்ளிக் கிள்ளித் தின்னுக்கிட்டிருக்கேன். அங்கன ஒங்களுக்குன்னு ஏதும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"நல்ல ஆளுதான் போங்க. நான் அனுப்பி வைக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. அனுப்புங்கள் என்றேன். அன்று மாலையே கடையை மூடினேன். இன்னொருவர் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னால் என்னால் தாங்க முடியாது.

பொட்டலம் அந்த வாரமே வந்தது. ஒரு துண்டை எடுத்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன். உப்பு சற்றுத் தூக்கல். அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.