பேர் சொல்லாத உருளை

குற்றாலத்துச் சாரல் தென்காசிக்கு வந்தால் ஊரே கொண்டாடும். எங்கள் சித்தப்பாவின் மெழுகு உருளைகளுக்கு மட்டும் பூசணம் பிடிக்கும். கூம்புக் குழல் வைத்த பாட்டுப்பெட்டியில் அவர் ஒரு காலத்தில் ஊர் ஊராய்ப் போய்ப் பிடித்து வைத்த பாட்டுகள் அவை. இசைத்தட்டு வந்த பிறகு அவற்றைச் சீந்துவாரில்லை. ஆகவே மெழுகின் மேல்தோலைச் சீவிவிட்டு, அதில் தன் சொந்தக் குரலைப் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தார். தன் குரல்மீது அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை!

அக்கா விடவில்லை. அம்மா ஒருமுறை அந்தக் குழலுக்குள் பாடியதாக அவளுக்கு நினைவு. அம்மா இறந்தபோது நான் கைக்குழந்தை. முகமும் தெரியாது, குரலும் தெரியாது. அப்பாவிடம் கேட்டதற்கு, "ஆமா, இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்" என்று வயலுக்குப் போய்விட்டார்.

"இவளும் அம்மா குரலக் கேக்கணும் சித்தப்பா. அதுவரைக்கும் ஒண்ணையும் சீவ விடமாட்டேன்" என்று அக்கா உருளைப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பூசணம் துடைத்தபோது சித்தி டப்பா மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டதால், மூடியில் எழுதியிருந்ததை நம்ப வழியில்லை. உருளையின் விளிம்பில் சித்தப்பா ஊசியால் கீறிய எழுத்தும், பாட்டுக்கு முன்னால் அந்தந்த ஊர்க்காரர் யாராவது உரக்கச் சொல்லும் அறிவிப்பும்தான் கதி. ஓட ஓட மெழுகு தேயும் என்பதால், அறிவிப்பு முடிந்ததுமே அக்கா ஊசியைத் தூக்கிவிடுவாள். "இப்போது பாடுவது ஆய்க்குடி ஓதுவார்!" "வாசுதேவநல்லூர் நாதசுரம்!" அறிவித்த எல்லோரும் சண்டைக்குப் போகிறவர்கள்போல் கத்தினார்கள். அம்மா பேர் எதிலும் வரவில்லை. ஒன்றில் மட்டும் கீறலும் இல்லை, பேரும் இல்லை. கரகரப்புக்கு நடுவே ஏதோ ஓர் ஆண் குரல், "ஏட்டி, பாடு. பிள்ள தூங்குது" என்றது.

"யார் வீட்டு அனாமத்தோ" என்று சித்தப்பா அதைச் சீவுகிற பக்கம் தள்ளினார்.

அக்கா சோறு வேண்டாம் என்றாள். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தாள். சித்தப்பா அந்த அனாமத்தை, மெழுகு சீவ மாட்டியிருந்த கத்திக்கு நேரே வைத்துவிட்டு, உள்ளே திரும்பிச் சித்தியைக் கூப்பிட்டார்: "ஏட்டி, ஒரு துணி கொண்டா."

அக்கா துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா, நம்ம வீட்டுல எந்த ஆம்பள பொண்டாட்டி பேரச் சொல்லுதாவ? அப்பா மட்டும் சொல்லியிருப்பாவளா?"

இந்த முறை ஊசியைத் தூக்கவில்லை. ஒரு பெண் குரல் கூச்சத்தோடு கும்மிப் பாட்டொன்றை எடுத்தது. இரண்டாவது அடிக்குள் எங்கேயோ ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. "இந்தா வந்துட்டேன் கண்ணு" என்று அந்தக் குரல் குழலைவிட்டு விலகிப் போனது. அப்புறம் வெறும் கரகரப்புதான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "சனியன் பிடிச்ச பிள்ள! யாருக்கா அது? கொஞ்ச நேரம் வாய மூடிட்டுக் கெடந்தா என்ன?"

அக்கா சிரித்தாள், உடனே அழுதாள், என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எப்போதோ வந்து வாசலில் நின்றிருந்த அப்பா, சத்தமில்லாமல் திரும்பிப் போனார். சித்தப்பா கத்தியைக் கழற்றி வைத்தார்.

அக்கா ஊசியால் அந்த உருளையின் விளிம்பில் ஓர் எழுத்தைக் கீறினாள். எட்டிப் பார்த்தேன், என் பேரின் முதலெழுத்து.

"பாடுனது அம்மால்லா? எம் பேர ஏன் போடுத?" என்று அதற்கும் அவளோடு சண்டை போட்டேன்.