கேரை பிடிக்கப் போன சனிக்கிழமை

வரதராசன்பேட்டையிலிருந்து தரங்கம்பாடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நேர் பஸ் கிடையாது. ஜெயங்கொண்டத்தில் ஒன்று, மயிலாடுதுறையில் ஒன்று என்று மாறிப் போக வேண்டும். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினேன். கையில் ஒரு மாற்று வேட்டி, துண்டு, எங்கள் காட்டு முந்திரிப் பருப்பு இரண்டு கிலோ.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை, மாப்பிள்ளை பார்க்கப் போனேன். மகள் ஜெனிட்டா பெரம்பலூரில் நர்சிங் படித்துவிட்டுக் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தன் அம்மாவை அங்கே வைத்தியத்துக்குக் கூட்டிவந்த ராபின் என்பவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் சொன்னாள். பையனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். கடலுக்குப் போகிறார் என்றாள். நாங்களும் வேதக்காரர்கள், அவர்களும் வேதக்காரர்கள், இரண்டு வீடும் கத்தோலிக்கம்தான், அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. ஆனால் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு ஏரி தாண்டித் தண்ணீர் தெரியாது. நீச்சலும் தெரியாது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில், அந்தப் பையன் செய்யும் தொழிலை ஒருநாள் கூடவே இருந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தாராளமாக வரச் சொன்னார்கள்.

அணைக்கரைப் பாலம் தாண்டியதும் நிலமே மாறிவிடுகிறது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் சிமெண்ட் லாரிகளும் பின்னுக்குப் போய், இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கும் நெல். மயிலாடுதுறையில் இறங்கி அடுத்த பஸ் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் பொறையாறு தாண்டினேன். ஸ்டாப்பில் ராபின் பைக்கோடு நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பையை வாங்கிக்கொண்டு, "வாங்க மாமா" என்றார். நான் "என்ன தம்பி" என்றேன். மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வரவில்லை.

அவர் வீடு தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். அம்மா மதலேன், அண்ணன் சேவியர், ராபின், மூன்றே பேர். அப்பா எப்படி இறந்தார் என்று மெல்ல விசாரித்தேன். சர்க்கரை வியாதி என்றார் மதலேன். கடல் இல்லை என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் படகைத் தள்ளினார்கள். ஃபைபர் படகு. எங்கள் ஊர் டிராக்டர் டிப்பரைவிடக் கொஞ்சம் நீளம், அகலம் அதைவிடக் குறைச்சல். பின்னால் என்ஜின், நடுவில் ஐஸ் பெட்டி, முன்னால் ஒரு கூடை நிறைய மத்தி மீன். எனக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை ராபினே இழுத்துக் கட்டினார். அலையைத் தாண்டும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கரை ஒரு கோடாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். சேவியர் என்ஜினை மெதுவாக்கி, தூரத்தையே பாருங்கள், சரியாகிவிடும் என்றார். சரியாகத்தான் ஆயிற்று.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியபின் என்ஜினை நிறுத்தினார்கள். தண்ணீர் அங்கே மசி நீலம். வலை கிடையாது. மத்தியைப் பலகையில் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கி, நாலைந்து துண்டாகக் கடலில் விடுகிறார்கள். அவை மெல்ல இறங்கும். அந்த வாடைக்குச் சூரை மீன் அடியிலிருந்து மேலே வரும். அந்தத் துண்டுகளில் ஒன்றுக்குள் தூண்டில் முள் ஒளிந்திருக்கும். முள்ளோடு கட்டிய தங்கூசி என்கிற நைலான் நரம்பைத் தொட்டியில் வளையம் வளையமாகச் சுற்றி வைத்து, மற்றத் துண்டுகள் இறங்கும் வேகத்துக்கே கையால் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"தானா விழுற மாதிரி இருக்கணும் மாமா. இழுத்துப் புடிச்சா மீனுக்குச் சந்தேகம் வந்துடும்" என்றார் ராபின்.

துண்டு போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நிறையப் போட்டால் மீன் வயிறு நிறைந்து போய்விடும், விட்டு விட்டுப் போட்டால் கலைந்துவிடும் என்று சேவியர் சொன்னதால் கைப்பிடி அளவாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்தடுத்து நாலு சூரை ஏறின. அலுமினியப் பாத்திரம் போல மின்னும் உடம்பு. தொட்டால் மற்ற மீன் மாதிரிச் சில்லென்று இல்லை, லேசான சூடு. நான் பயத்தை மறந்துபோனேன். ஆனால் கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டுமே. பயமாக இருக்காதா என்று ராபினிடம் கேட்டேன்.

"இருக்கும் மாமா. ரொம்பப் பயமா இருந்தா அன்னிக்குப் போமாட்டோம்" என்றார்.

வெயில் ஏறியபின் பெரியது வந்தது. நரம்பு அவர் கையிலிருந்து சீறிக்கொண்டு ஓடியது. சேவியர் எழுந்து நின்று கேரை என்றார். சூரையில் பெரிய இனம் அது, சில சமயம் ஓர் ஆள் எடை இருக்கும். ராபின் விரலில் மாட்டிய ரப்பர் உறை புகைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, மறுபடி ஓடவிட்டார். மீன் ஒருமுறை படகுக்குப் பக்கத்தில் புரண்டது. மஞ்சள் துடுப்பு தெரிந்தது. அதைப் பார்க்கிற ஆசையில் நான் எழுந்தேன். அவர் இழுத்துப் போட்டிருந்த நரம்பு வளையத்துக்குள் என் வலது கால் போனது எனக்குத் தெரியாது.

மீன் மறுபடி கீழே பாய்ந்தது. கணுக்காலைக் கம்பி போட்டு இறுக்கியது போல் இருந்தது. மல்லாந்து விழுந்தேன். படகின் விளிம்பு வரை சறுக்கிப் போய், கால் வெளியே தொங்கியது. கத்தக்கூட முடியவில்லை. மறு நொடி இறுக்கம் விட்டுப்போனது. மத்தி நறுக்கும் கத்தியோடு ராபின் என் மேல் குனிந்திருந்தார். நரம்பின் அறுந்த முனை தண்ணீரில் கிடந்தது.

"விரல ஆட்டுங்க மாமா."

ஆட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகுதான் கடல் பக்கம் திரும்பினார். சேவியர் என்ஜினைக் கிளப்பிப் படகைத் திருப்பினார்.

கரைக்குப் பக்கத்தில் வந்து செல்போனில் டவர் கிடைத்ததும், பெரிதாக ஒன்று போய்விட்டது என்று சேவியர் யாரிடமோ சொல்லியிருந்தார். படகு மணலில் ஏறியபோது மீன் ஏலக்காரரும் இன்னும் நாலு பேரும் காத்திருந்தார்கள். கையில் வந்த கேரையை எப்படி விட்டாய் என்று ஏலக்காரர் கேட்டார்.

"பழைய நரம்புண்ணே, அறுந்துடுச்சு" என்றார் ராபின்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நரம்பு மாற்றக்கூடத் துப்பில்லையா என்று ஒருவர் கேலி செய்தார். சேவியர் ஐஸ் பெட்டியைத் தூக்குவதில் மும்முரமாக இருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். ராபின் என் தோளைத் தொட்டு, வூட்டுக்குப் போய்க் குளிக்கலாம் வாங்க என்று நடத்திக்கொண்டு போனார்.

மதியம் சூரைக் குழம்பு. இலையில் உட்கார்ந்ததும் மதலேனிடம் நான் சொன்னேன்.

"நரம்பு அறுந்து போவலைங்க. என் கால் மாட்டிக்கிச்சு, தம்பிதான் அறுத்து வுட்டாரு."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். சட்டியில் உப்புப் போட்டு வெந்நீர் வைக்க எழுந்தார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ராபின் என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஐஸ் போட்டுக் கட்டிய மீன் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "பாத்துப் போயிட்டு வாங்க மாப்ள."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். முகம் சிவந்துவிட்டது.

மயிலாடுதுறையில் பஸ் மாறியதும் வீட்டுக்குப் போன் போட்டேன். கடல் எப்படி இருந்தது என்று என் மனைவி கேட்டாள். பயமாகத்தான் இருந்தது, நம் காட்டில் முந்திரி பூக்காவிட்டால் ஒரு வருஷம்தான் போகும், அங்கே அப்படியில்லை என்றேன். என் கால் மாட்டியதையும் மாப்பிள்ளை நரம்பை அறுத்து மீனை விட்டதையும் சொன்னேன். தவக்காலம் வருவதற்குள் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி நாளைக்கே பங்குச் சாமியாரைப் பார்த்துவிடலாம் என்றேன். அவள் அழுகிறாள் என்று மூக்கை உறிஞ்சும் சத்தத்தில் தெரிந்தது. நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அணைக்கரைப் பாலத்தை நான் பார்க்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் எல்லோரும் இறங்கியபின் கண்டக்டர் தோளைத் தட்டினார். எவ்வளவு நேரமாக எழுப்புகிறேன், இப்படித் தூங்குகிறீர்களே சார் என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தூங்கினேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, காலை நொண்டிக்கொண்டு இறங்கினேன்.