நடு ஸ்பீக்கர்

இசோபே ஷிகெனோ தன் காது போய்விட்டது என்று நம்பத் தொடங்கியது டிவியால்தான்.

ஒசாகாவின் தைஷோ பகுதியில் அவளுக்கு ஒரு சின்ன ஒகொனொமியாகிக் கடை. முட்டைக்கோசு கலந்த மாவை இரும்புக் கல்லில் வார்த்துத் திருப்பிப் போடுவதில் அவள் கைக்குத் தெருவில் தனிப் பேர் உண்டு. காலையில் கடை திறக்குமுன் வீட்டில் உட்கார்ந்து ஒரு குடும்பத் தொடர் பார்ப்பாள். தொடரில் மழை சோவென்று கொட்டும், கதவு தடாலென்று சாத்திக்கொள்ளும், சோகப் பாட்டு அறையை நிறைக்கும். பேசுகிறவர்கள் மட்டும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் மழைதான் இன்னும் பலமாகக் கொட்டும். பேச்சு கிட்டே வராது.

"என்ன சொல்றா அவ?" என்று கணவரிடம் கேட்பாள்.

"காது போச்சு உனக்கு. வயசாயிடுச்சு, ஷிகெ," என்பார் தொகுஜி, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

தொகுஜி நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரிசீவர் பெட்டியும், அறையைச் சுற்றி வைக்க ஸ்பீக்கர்களும் வாங்கி வந்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் தவழ்ந்து தானே எல்லாவற்றையும் மாட்டினார். அன்றோடு டிவியின் சொந்தக் குரலை அணைத்துவிட்டு, எல்லாச் சத்தமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும் என்று வைத்தார். அதிலும் 'சினிமா' என்ற பொத்தானை அழுத்தினபடியேதான் இருக்கும். அவர் பார்ப்பது வெளிநாட்டுச் சண்டைப் படங்கள். பேச்சையெல்லாம் அடியில் ஓடும் எழுத்தில் படித்துக்கொள்வார். குண்டு விழும்போது தரையில் பதித்த கோரைப் பாய் அதிர்ந்தால் போதும் அவருக்கு. பேஸ்பால் ஆட்டமென்றால் கூட்டத்தின் ஆரவாரம் நாலு பக்கமும் எழும்பும். வர்ணனையாளர் என்ன சொன்னால் அவருக்கென்ன?

ஷிகெனோவுக்கு அந்தச் சந்தேகம் டிவியோடு நிற்கவில்லை. கடையில் புகையை இழுக்கும் விசிறி போடும் இரைச்சலில் ஒருவன் கணவாய் மீன் போட்டது கேட்டிருப்பான், அவள் பன்றிக்கறி போட்டிருப்பாள். முன்பெல்லாம், "வாயில என்ன கொழுக்கட்டையா? தெறந்து சொல்லேன்யா," என்று அவனைத்தான் திட்டுவாள். இப்போது பேசாமல் வேறு வார்த்துக் கொடுத்தாள். அவளுக்குக் காது மந்தம் என்று கேள்விப்பட்ட வாடிக்கைக்காரர்கள் அவளிடம் நிறுத்தி நிறுத்தி, கத்திப் பேசத் தொடங்கினார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சமூகக் கூடத்தில் வாராவாரம் கூடும் பெண்களின் பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் வரிசையில் நிற்பவள் அவள். சுருதி பிசகிப் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? கடையில் வேலை அதிகம் என்று குழுவை நடத்தும் கஜிதானி அம்மாளிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். மார்க்கெட் பக்கம் போகும்போது காது டாக்டரின் பலகை கண்ணில் படும். பட்டதும் நடை வேகமாகிவிடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் அந்த வசந்தத்தில், அறைத் தரை முழுக்கப் பதித்திருந்த பழைய பாய்களை மாற்றினார்கள்.

கடைக்கு விடுமுறை நாள். பாய்க்காரர் வருவதற்குள் அறையைக் காலி பண்ண வேண்டும். தொகுஜி குனிந்து ரிசீவரை அலமாரியிலிருந்து இழுத்தார். இடுப்பில் ஏதோ களுக்கென்றது. இழுத்த நிலையிலேயே நின்றார், பிறகு மெல்ல மெல்லப் பக்கத்து அறையில் போய்ப் படுத்தவர் படுத்தவர்தான். ஷிகெனோ அவர் முதுகில் மருந்துப் பட்டை ஒட்டிவிட்டு வந்து, ஒயர்களையெல்லாம் தானே பிடுங்கி, பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள்.

மதியத்துக்குள் புதுப் பாய் போட்டாகிவிட்டது. கோரை வாசனை வீடெங்கும் மணந்தது. டிவி மட்டும் ஒயர் குவியலுக்கு நடுவே ஊமையாக நின்றது.

"சாயங்காலம் மேட்ச் இருக்குது," என்று தள்ளுகதவுக்கு அப்பாலிருந்து தொகுஜியின் குரல் முனகியது.

"நான் மாட்டறேன்."

"நீயா?"

"பின்ன உன் முதுகா மாட்டும்? எது எங்கேன்னு சொல்லு."

ரிசீவரின் முதுகைத் திருப்பினாள். ஏகப்பட்ட ஓட்டைகள்.

"யோவ், டிவியோட தட்டை ஒயரு எதுல போவுது?"

"எச்டிஎம்ஐயா? 'அவுட்'னு போட்டிருக்கும். படம் ஓட்டற பிளேயரோடது 'இன்'ல. மாத்திச் சொருகிட்டா படமே வராது."

"டிவி வாங்கிக்கத்தானே செய்யுது? அப்புறம் எதுக்கு அவுட்டு?"

"அந்தப் பெட்டிக்கு எது அவுட்டோ அது. பிளேயர் குடுக்குது, பெட்டி வாங்கி டிவிக்கு அனுப்புது."

"ஓகோ. கடைக் கல்லு மாதிரி. இந்தப் பக்கம் மாவு வருது, அந்தப் பக்கம் பண்டம் போவுது."

"எதைச் சொன்னாலும் கடைக்கே இழுத்துட்டுப் போயிடுவா," என்று தொகுஜி தலையணைக்குள் முணுமுணுத்தார்.

"கடையைக் கொறை சொன்னா சாயங்காலம் சோறு கெடையாது, பாத்துக்க!"



ஸ்பீக்கர் ஒயர்களுக்கு வந்தாள். செம்பு இழைகளை விரலால் முறுக்கி, ஒரு பிசிறு இல்லாமல் சேர்த்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஒவ்வொன்றாகத் திருகினாள். ஓர் இழை பக்கத்து இழையைத் தொட்டாலும் பெட்டி அணைந்துவிடும் என்று தொகுஜி பயமுறுத்தியிருந்தார். கடைசியாக ஒரு ஜோடி மிஞ்சியது.

"டிவிக்குக் கீழ நீட்டமாப் படுத்துக் கெடக்குதே ஒண்ணு, அது எங்க?"

"அது சென்டர். சென்டர்னே எழுதியிருக்கும் பாரு."

ஷிகெனோ பார்த்தாள். "அங்க இல்லையே இது இருந்தது. ஓரத்துல, 'பி'ன்னு போட்ட எடத்துல இருந்துச்சு."

"இருக்காது."

"இருந்துச்சுய்யா. நான்தானே பிடுங்கினேன், வெரலைக் கீறிக்கிட்டு."

"'பி' வேற ரூம்ல இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைக்கிறவங்களுக்கு. நம்ம வீட்டுல அதை ஆன் பண்ணதே இல்ல."

"அப்ப இது இத்தனை வருஷமா இங்க படுத்துக்கிட்டு என்ன பண்ணுச்சு?"

தொகுஜி மெதுவாக, "சென்டர்லயே போட்டுடு," என்றார்.

போட்டாள். மின்சாரம் கொடுத்தாள். காலையில் பதிவான தொடரை ஓடவிட்டாள். சமையலறையில் மாமியாரும் மருமகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகள் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சு கேட்டது. பிறகு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும், புதுப் பாயில் எதிரே உட்கார்ந்து சொன்னதுபோல வந்து விழுந்தது.

ஷிகெனோ சத்தத்தைக் குறைத்தாள். கேட்டது. இன்னும் குறைத்தாள். அப்போதும் கேட்டது.

முதலில் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் கிளம்பியது. பாட்டுக்குழு நினைவுக்கு வந்தது, கடையில் கத்திப் பேசியவர்களின் முகங்கள் வந்தன. எழுந்துபோய்த் தள்ளுகதவைத் திறந்தாள். தொகுஜி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பேச்சு அந்த நடு ஸ்பீக்கர்லேருந்துதான் வருமா?"

"...முக்காவாசி."

"முக்காவாசி! நீ படிச்சுக்கிட்டே படம் பார்த்தே. நான் செவிடு."

"முதுகு ரொம்ப வலிக்குது, ஷிகெ."

"வலிக்கட்டும்."

கதவை அவள் சாத்தவில்லை. சாயங்காலம் அவர் படுத்த இடத்துக்குக் கேட்கும்படி மேட்சைப் போட்டுவிட்டுத்தான் அரிசி களையப் போனாள். வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசித் தள்ளினார். "இந்த ஆளு இவ்வளவு பேசுவானா?" என்று தொகுஜி அதிசயப்பட்டார்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனாள். டிவியில் கேட்டது உண்மைதானா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சீட்டியின் கடைசி இழைவரை விடாமல் பிடித்துப் பிடித்து அழுத்தினாள்.

"கூர்மையான சத்தங்கள் மட்டும் கொஞ்சம் கொறைவு. உங்க வயசுல எல்லாருக்கும் உள்ளதுதான்," என்றாள் இளம் டாக்டர். "நீங்க சொல்ற மாதிரி கடையில விசிறி இரைஞ்சா எனக்கே கேக்காதும்மா. அதை முதல்ல பழுது பாருங்க."

வெளியே வந்து, வழியிலிருந்த பெஞ்சில் சற்று உட்கார்ந்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு நேரே சமூகக் கூடத்துக்குப் போனாள்.

"காது போச்சுன்னு நெனச்சுத்தான் நின்னேன். கடை வேலைன்னு சொன்னது பொய்," என்றாள் கஜிதானி அம்மாளிடம்.

"அடிப்பாவி! எங்க மேல கோவம்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருந்தோம்," என்றாள் கஜிதானி. "உன் எடத்துல இப்ப நிக்கிறவ பாடறதைக் கேட்டா எங்களுக்குத்தான் காது போவும். போ, போய் நில்லு."

தொகுஜி வாய்விட்டு மன்னிப்புக் கேட்கும் ரகம் இல்லை. இடுப்பு சரியானதும் கூரைமேல் ஏறாத குறையாக விசிறியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து மாட்டினார். ஒரு மதியம் கடையின் பலகை மேசை முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் இருந்த தச்சர் ஷிகெனோவைப் பார்த்து வழக்கம்போல, "அம்மா! எனக்கு! கணவாய்!" என்று கத்தினார்.

"ஏன்யா கத்தறே?" என்றார் தொகுஜி. "அவ காது நல்லாத்தான் இருக்குது. தப்பு என்னோடது. ஒயரைத் தப்பா மாட்டிட்டு அவளைச் செவிடுன்னு சொல்லிட்டேன்."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"எந்த ஒயரு?" என்று தச்சர் கேட்டார்.

தொகுஜி பலகையில் சாஸ் சொட்டுகளை வைத்து, இது டிவி, இது ரிசீவர், இது நடு ஸ்பீக்கர் என்று முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். ஷிகெனோ அவருடைய ஒகொனொமியாகியைத் துண்டு போட்டு முன்னால் தள்ளினாள்.

"ஆறுது. மொதல்ல சாப்பிடு," என்றாள்.